கப்பல் சனத்துக்கு ஒரு பத்தி

வேலைக்குத் திரும்பலாம் என்று ஆஸ்பத்திரிக் கடிதம் வந்த அன்று காலையில் கிரேன்காரர் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அதை எதற்கு வைத்தோம் என்று யோசித்துக்கொண்டு நின்றார். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, கருகல் வாடை பின்பக்கம் வரை போன பிறகுதான் அவருடைய அக்கா துணி அலசின கையோடு ஓடி வந்தாள். அதே சமயம் தபால்காரர் வாசலில் மணியடித்தார். அக்கா அடுப்பை அணைத்து, கடிதத்தை வாங்கி, வழிந்த பாலுக்கு மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டு நின்றபடியே படித்தாள்.

"ஞாபகம், கவனம், பேச்சு எல்லாம் உனக்கு இருக்க வேண்டிய அளவுலயே இருக்காம்டா தம்பி. அடுத்த புதன்கிழமை வேலைக்குப் போகலாமாம்," என்றாள். பிறகு அடுப்பைப் பார்த்தாள். "அடுப்புக்குத்தான் இன்னும் சேதி வந்து சேரலை போல."

கிரேன்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு மட்டும் பழைய மாதிரியே இருந்தது.

வீட்டில் மூன்று பேர். கிரேன்காரர், அவர் மனைவி, கணவன் இறந்த பிறகு பதினோரு வருஷமாகத் தம்பியோடு இருக்கும் அக்கா. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். மனைவி வேலை செய்த இடம், ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் வேலை உடுப்பு தைத்துக் கொடுக்கும் கூடம். தைப்பது அவள் வேலையில்லை, வெட்டுவது. நீளமான மேசையில் நீலத் துணியை இருபத்துநாலு மடிப்பாக விரித்து, மேலே அட்டையை வைத்துக் கோடு இழுத்து, மின்சாரக் கத்தியை ஒரே ஓட்டமாக ஓட்டுவாள். தெருவில் போகிற ஆளை முதுகுப் பக்கம் பார்த்தே மார்புச் சுற்றளவு சொல்லிவிடுவாள் என்பதால் கூடத்தில் அவளுக்கு அளவுக்காரி என்று பேர். நாளடைவில் அக்கம்பக்கத்திலும் அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

சாயங்காலம் அவள் இமையெல்லாம் நூல் பிசிறோடு வீட்டுக்குள் நுழைந்தபோது நாத்தனார் கடிதத்தை நீட்டினாள். அளவுக்காரி அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்று தெரிந்தது. சந்தோஷம்தான் வரவில்லை.

கிரேன்காரர் இருபத்திரண்டு வருஷம் இரும்பு வார்க்கும் ஆலையில் வேலை பார்த்தவர். கூரைக்கு அடியில் தண்டவாளத்தில் ஓடுகிற கிரேனின் சின்னக் கூண்டில் உட்கார்ந்து, பன்னிரண்டு டன் உருகிய இரும்பை வாளியோடு தூக்கி, கீழே நிற்கிற ஆட்களின் தலைக்கு மேலாகக் கொண்டுபோய், அச்சுக்கு நேராக நிறுத்துவார். வாளி அசையாது. கீழே நின்று கொக்கியையும் சங்கிலியையும் மாட்டிக் கையால் சைகை காட்டுகிறவர் சங்கிலிக்காரர். பத்தொன்பது வருஷமாக அவர்கள் இருவரும் ஜோடி. மேலே இருக்கிறவர் கையும் கீழே இருக்கிறவர் கையும் ஒரே உடம்பில் இருப்பதுபோல வேலை நடக்கும் என்று ஆலையில் சொல்வார்கள்.

நாலு மாதத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலை ஓய்ந்திருந்த நேரத்தில், தண்டவாளத்துக்குக் கிரீஸ் போட இரண்டு பேரும் மேலே ஏறினார்கள். நடைபலகையைத் தாங்கின இரும்பு விட்டுப்போனது. இரண்டு பேரும் மணல் குவியலில் விழுந்தார்கள். மணல் உயிரைக் காப்பாற்றியது. கூடவே விழுந்த பலகை இருவர் தலையிலும் அடித்தது. இரண்டு நாள் இருவருக்கும் நினைவில்லை.

எலும்பெல்லாம் கூடிவிட்டது. ஆனால் கிரேன்காரர் பாதிப் பேச்சில் நின்றுவிடுவார். கதவுத் தாழ்ப்பாளைக் காட்டி, "அதான், அது, சாத்தறது," என்பார். கடைக்குப் போனால் எதிர்த்திசையில் திரும்பி வருவார். மூணாவது ஷிப்டில்கூடக் கொட்டாவி விடாத மனுஷன் மத்தியான வெயிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

அன்றைக்கு ரொட்டியும் பருப்பும் வைத்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். வெளியே காற்றில் ஆலைப் பக்கத்துச் சாம்பல் வந்து ஜன்னல் கண்ணாடியில் சரசரத்தது.

"என்னங்க, உங்களுக்கு எப்படித் தோணுது? போயிடலாமா?" என்று அளவுக்காரி கேட்டாள்.

அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். "கடுதாசில போகலாம்னு இருக்கே."

"கடுதாசி கிடக்கட்டும். உங்களைக் கேட்கறேன்."

"கூண்டுல நாலு லீவர் இருக்கு. முன்னாடி, பின்னாடி, மேலே, கீழே. கண்ணை மூடிக்கிட்டு அதை நெனச்சுப் பார்க்கறேன். மூணுதான் வருது." கொஞ்சம் இருந்து, "நாலாவது எந்தக் கைல இருக்குன்னு ஒரு நிமிஷம் ஆகுது. மேலே ஒரு நிமிஷம் கிடையாதும்மா," என்றார்.

நாத்தனார் வாயில் வைத்த கவளத்தை மெல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"சோதனையில இதைச் சொன்னீங்களா?"

"அங்க லீவரைப் பத்தி யாரும் கேட்கலை. பதினஞ்சு வார்த்தையை மூணு தடவை சொல்லி, ஒவ்வொரு தடவையும் திருப்பிச் சொல்லச் சொன்னாங்க. நம்பரைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னாங்க. படத்தைக் காட்டிப் பேர் கேட்டாங்க. மூணு மணி நேரம். எனக்கே தெரிஞ்சுதுடி, ஒண்ணும் சரியா வரலைன்னு. வெளிய வரும்போது, சரி, நம்ம கதை முடிஞ்சுதுன்னு நெனச்சேன். பார்த்தா, எல்லாம் சரியா இருக்குங்கறாங்க."

"ஒருவேளை சோதனை எடுத்த அந்தம்மாவுக்கு உன்னைப் பார்த்துப் பாவமா இருந்திருக்கும்," என்றாள் அக்கா.

சனிக்கிழமை காலையில் தூறல். ஆலைத் தொழிலாளர் மருந்தகத்தில் மாத்திரை வாங்குகிற வரிசையில் அளவுக்காரிக்கு முன்னால் சங்கிலிக்காரர் மனைவி நின்றாள். உயரமானவள், நெட்டை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். ஒரே குடையில் இரண்டு பேரும் ஒண்டினார்கள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரரைத் தேறாதுன்னு எழுதிட்டாங்க," என்றாள் நெட்டை. "இனிமே சங்கிலி பக்கமே போகக் கூடாதாம். ஸ்டோர்ல உட்கார்ந்து சாமான் எடுத்துக் குடுக்கற வேலை. ஒரு வகையில நிம்மதி. உங்க வீட்டுல எப்படி?"

"தேறிட்டாருன்னு வந்திருக்கு. புதன்கிழமை ஏறணும்."

நெட்டை அவளை உற்றுப் பார்த்தாள். "மேலேயா?"

"மேலேதான்."

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. போன வாரம் அவர் எங்க வீட்டுக்கு வந்தப்போ என் பேரைச் சொல்ல முடியாம அஞ்சு நிமிஷம் தவிச்சார். நெட்டைன்னு சொல்றதுக்கு என்ன பெரிய பரீட்சையா?"

அளவுக்காரிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "உங்க கடுதாசில நம்பர் போட்டிருக்கா? ஆறு வரி?"

"போட்டிருக்கு. எனக்கு ஒண்ணும் விளங்கலை."

"நாளைக்கு எடுத்துக்கிட்டு வாங்க. அண்ணனையும் கூட்டிக்கிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐந்து பேரும் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு கோப்பை டீ. நடுவில் இரண்டு கடிதம். அளவுக்காரி தன் அளவு நாடாவை விரித்து இரண்டு தாளின் குறுக்கே வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டு வந்தாள்.

வார்த்தை ஞாபகம், மூன்று தடவையும் சேர்த்து. சங்கிலிக்காரர் இருபத்தொன்று, கிரேன்காரர் பத்தொன்பது. எண்களைத் திருப்பிச் சொல்வது. இருவரும் ஐந்து. படத்துக்குப் பேர் சொல்வது. சங்கிலிக்காரர் நாற்பத்துநாலு, கிரேன்காரர் நாற்பத்தொன்று. ஆறு வரியில் ஒரு வரியில்கூடக் கிரேன்காரர் மேலே இல்லை. சங்கிலிக்காரருக்கு நாலு வரியில் 'பாதிப்பு' என்று இருந்தது. கிரேன்காரருக்கு ஆறு வரியிலும் 'இயல்பு'.

"கூட வாங்கினவன் பெயில், குறைச்சு வாங்கினவன் பாஸ்," என்றாள் நாத்தனார். "எந்தப் பள்ளிக்கூடம்டி இது? அப்பவே சேர்ந்திருந்தா நானும் படிச்சிருப்பேனே."

"தப்பா டைப் அடிச்சிருப்பாங்களோ?" என்றாள் நெட்டை.

"ஆறு வரியுமா?" என்றாள் அளவுக்காரி.

சங்கிலிக்காரர் தொண்டையைக் கனைத்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். "அந்த ஜன்னல் படம் உனக்கும் வந்துச்சா?" என்று கிரேன்காரரைக் கேட்டார்.

"வந்துச்சு. நாலு அட்டை. கறுத்த ஆள் ஒருத்தன், தோள்ல பை. உடைஞ்ச ஜன்னல். ஒரு போலீஸ்காரர். அதே ஆள் ஓடறான்." ஒவ்வொரு துண்டாகத் தேடி எடுத்துச் சொன்னார். "வரிசையா அடுக்கிக் கதை சொல்லணும்."

"எப்படி அடுக்கினீங்க?" என்று அளவுக்காரி கேட்டாள்.

"முதல்ல ஜன்னல் உடைஞ்சிருக்கு. போலீஸ்காரர் பார்க்கறார். ஆளைக் கூப்பிட்டு அனுப்பறார். அவன் ஓடி வர்றான். கடைசியில பையோட நிக்கறான், கண்ணாடி போடறதுக்கு. எங்க சித்தப்பா கண்ணாடிதானே போட்டுக்கிட்டிருந்தார்? அதே மாதிரிப் பை. அந்தம்மா ஒண்ணும் சொல்லலை. சைபர்னு எழுதினாங்க, தலைகீழா இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சுது."

எல்லோரும் சங்கிலிக்காரரைப் பார்த்தார்கள். அவர் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார்.

"நான் வேற மாதிரி அடுக்கினேன்," என்றார்.

"திருடனாவா?" என்றார் கிரேன்காரர்.

"ஆமாப்பா."

"மார்க் குடுத்தாங்களா?"

"முழு மார்க்." சங்கிலிக்காரர் முகம் சிவந்துவிட்டது. "நான் அப்படி நெனச்சு அடுக்கலை. அட்டையைப் பார்த்ததும் அவங்க எதை எதிர்பார்க்கறாங்கன்னு தெரிஞ்சுது. தலைவலி வேற. சீக்கிரம் முடிஞ்சாப் போதும்னு இருந்துச்சு."

கிரேன்காரர் தட்டிலிருந்த ரொட்டியை அவர் பக்கம் தள்ளினார். "சாப்பிடு. அதையாவது நீ அவங்க எதிர்பார்த்தபடி செஞ்சே. நான் எதையுமே செய்யலை, என்னையும் பாஸ் பண்ணிட்டாங்க. எனக்குப் புரியாதது அதுதான்."

புரியாதது அளவுக்காரிக்கும் அதுதான். அன்று முழுக்க அது அவளைக் குடைந்தது. கோபம்கூட வரவில்லை, கணக்கு எங்கே உதைக்கிறது என்று தெரிந்துகொள்கிற ஆசைதான் வந்தது. கூடத்தில் ஒருமுறை இப்படி நடந்திருந்தது. அவர்கள் வெட்டின சட்டையில் கப்பல் சனத்து ஆட்களுக்கு மட்டும் கை குட்டையாகவே வந்தது. தாத்தா காலத்தில் கப்பலில் வந்து இறங்கினவர்களின் வாரிசுகளுக்கு ஊரில் இருந்த பேர் கப்பல் சனம். அளவுக்காரியும் கிரேன்காரரும் அந்தச் சனம். நெட்டையும் சங்கிலிக்காரரும் ஊர்ச்சனம். 'உங்க ஆளுங்க கைதான் நீளம்' என்று மேஸ்திரி சொன்னார். அவள் பழைய அளவுப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தாள். அளவு எடுத்த முந்நூறு பேரில் கப்பல் சனம் ஒருவர்கூட இல்லை.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, இரண்டு கடிதங்களையும் கிரேன்காரரின் நோட்டுப் புத்தகம் ஒன்றையும் பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூன்றாவது மாடியில், நடைக் கடைசியில் சோதனை அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஜன்னலில் வாடின செடி. சோதனை எடுக்கிற அம்மாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். ஊர்ச்சனம். கையில் கடித்துக்கொண்டிருந்த ஆப்பிளை அவசரமாக டிராயரில் வைத்தாள்.

"சண்டைக்கு வரலை மேடம். ஒரு விஷயம் புரியலை, கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

இரண்டு கடிதத்தையும் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மாறியது. "இதைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கக் கூடாதும்மா. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி."

"தனித்தனின்னா, அவர் ஒருத்தருக்கு மட்டும்னு அர்த்தமா?"

"வாங்கின மார்க்கை அப்படியே எடுத்துக்க மாட்டோம். அவங்கவங்க மாதிரி இருக்கறவங்களோட ஒப்பிட்டுச் சரிபண்ணுவோம். வயசு, படிப்பு..." என்று நிறுத்தினாள்.

"ரெண்டு பேருக்கும் நாற்பத்தாறு வயசு. ரெண்டு பேரும் எட்டாவதோட நின்னவங்க. அப்புறம் என்ன மேடம்?"

"இனம்," என்றாள் அந்த அம்மா. சொல்லிவிட்டுச் சட்டென்று தொடர்ந்தாள். "நீங்க நெனைக்கற மாதிரி இல்லம்மா. இது உங்க நல்லதுக்காக வெச்சது. முன்னாடி எல்லாரையும் ஒரே அளவுல வெச்சுப் பார்த்தாங்க. அதனால உங்க ஆளுங்க நல்லா இருக்கறவங்களைக்கூட மூளை சரியில்லைன்னு தப்பா எழுதிட்டாங்க. அப்படி நடக்கக் கூடாதுன்னுதான் தனியா ஒரு பத்தி போட்டாங்க."

அளவுக்காரி இதை யோசித்தாள். நியாயம் இருப்பது போலத்தான் இருந்தது. "அந்தப் பத்தியைப் பார்க்கலாமா?"

அந்த அம்மா தயங்கி, தடித்த நீலப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். பக்கம் முழுக்க எண்கள். "வார்த்தை ஞாபகத்துக்கு இங்க பாருங்க. ஊர்ச்சனத்துக்குச் சராசரி முப்பது. அவர் இருபத்தொன்று எடுத்தா ரொம்பக் கீழே. பக்கத்துப் பத்தியில சராசரி இருபது. உங்க வீட்டுக்காரர் பத்தொன்பது. அதாவது..."

"கிட்டத்தட்ட வழக்கமா இருக்கறதுதான்."

"ஆமா."

"அப்போ அடிபடாமலே எங்க ஆளுங்க இப்படித்தான் இருப்பாங்கன்னு இதுல எழுதியிருக்கு."

அந்த அம்மா புத்தகத்தைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"யாரை உட்கார வெச்சுப் பார்த்து எழுதினாங்க மேடம்?"

"தெரியலைம்மா. பின்னாடி எங்கயாவது இருக்கும்." பக்கங்களைப் புரட்டினாள். கடைசியில், எறும்பு எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு. அவள் அதைச் சத்தமாகத்தான் படிக்க ஆரம்பித்தாள். போகப்போகக் குரல் இறங்கியது. நாற்பத்திரண்டு ஆண்கள். துறைமுகத்துக் கொட்டடியில் கப்பல் விட்டு இறங்கின முதல் வாரத்தில். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மூலமாக. மழைக்காலம்.

"காய்ச்சல்ல இருந்திருப்பாங்க பாதிப் பேர்," என்றாள் அளவுக்காரி மெதுவாக. "கேட்ட வார்த்தையே அவங்க பாஷை இல்லை. அதுல இருபது ஞாபகம் வெச்சிருக்காங்களா? நல்ல மூளைதான் மேடம்."

அந்த அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். எட்டு வருஷமாகப் புரட்டுகிற புத்தகத்தை முதல் தடவை பார்ப்பதுபோல மறுபடி அந்தக் குறிப்பைப் பார்த்தாள். "காலேஜ்ல படிக்கும்போது நானும் ஒரு தடவை கேட்டேன். நல்லதுக்குத்தான்னு சொன்னாங்க. அதோட விட்டுட்டேன்."

"ஃபாரத்துல இனம்னு யார் குறிச்சது? எங்க வீட்டுக்காரரைக் கேட்டாங்களா?"

"கவுண்டர்ல குறிப்பாங்க. பார்த்தாலே தெரியு..." பாதியில் நிறுத்திவிட்டு அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அளவுக்காரி பையிலிருந்து நோட்டை எடுத்தாள். கிரேன்காரர் ஒவ்வொரு ஷிப்டுக்கும் தனக்கென்று எழுதிவைத்தது. எத்தனை தூக்கு, எவ்வளவு கனம், எந்தச் சங்கிலியில் தேய்மானம், வாளி எந்த மூலையில் ஆடப் பார்த்தது. சின்ன எழுத்து, கோடு போடாத தாளில் கோடு போட்டதுபோல. "இந்த மாதிரி பத்தொன்பது நோட்டு வீட்டுல இருக்கு. இது அடிபட்டதுக்கு முந்தின வாரம். இது போன வியாழக்கிழமை நான் எழுதச் சொல்லி எழுதினது."

போன வியாழக்கிழமைத் தாளில் நாலு வரி இருந்தது. இரண்டாவது வரியும் மூன்றாவது வரியும் ஒன்றே. நாலாவது பாதியில் நின்றுவிட்டது.

"மேடம், நீங்க அவரை ஊர்ச்சனத்தோட ஒப்பிட வேண்டாம். எங்க சனத்தோடயும் ஒப்பிட வேண்டாம். இவரோட ஒப்பிடுங்க," என்று முதல் தாளில் விரலை வைத்தாள். "நாளைக்கு அவர் மேலே ஏறணும். கீழே முப்பது பேர் நிப்பாங்க. அவங்கள்ல ஊர்ச்சனமும் உண்டு, கப்பல் சனமும் உண்டு. இரும்பு கொட்டும்போது யாரு என்னன்னு பார்க்காது."

நடையில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்த அம்மா ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, கிரேன்காரரின் ஆறு எண்களையும் ஊர்ச்சனத்துப் பத்தியோடு வைத்துப் பார்த்தாள். பென்சில் நாலு இடத்தில் நின்றது, ஐந்தாவதில் கொஞ்சம் யோசித்து அங்கேயும் நின்றது. பிறகு இரண்டு நோட்டுத் தாளையும் வெகுநேரம் பார்த்தாள்.

"ஐந்து," என்றாள். "அஞ்சு வரியில பாதிப்பு."

"இதை எழுதிக் குடுப்பீங்களா?"

"கடிதத்தை என்னால மாத்த முடியாது. மருத்துவக் குழுதான் மாத்தணும். மூணு வாரம் ஆகும்." பேனாவைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். "மறுபரிசீலனை முடியற வரைக்கும் மேலே ஏத்தக் கூடாதுன்னு ஒரு சீட்டு எழுதலாம். அதுக்கு எங்க பெரியவர் கையெழுத்து வேணும். அவர் போட மாட்டார்." கடைசியில் சீட்டை எழுதித் தன் கையெழுத்தையே போட்டாள். போட்டுவிட்டு அதைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தாள். "இது செல்லுமான்னு எனக்கே தெரியலைம்மா."

"செல்லுதான்னு பார்ப்போம் மேடம்," என்றாள் அளவுக்காரி. எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். "ஒண்ணு மட்டும் கேட்கணும். அந்த ஜன்னல் படத்துல சரியான பதில் என்னன்னு எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?"

அந்த அம்மா அந்தப் பக்கத்தையும் காட்டினாள். ஒரே ஒரு வரிசைதான் அச்சாகியிருந்தது. கண்ணாடி போடுகிறவருக்கு இடமே விட்டிருக்கவில்லை.

புதன்கிழமை காலை ஆலை வாசலில் ஃபோர்மேன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யாரு கையெழுத்து? பெரிய டாக்டரோடது இல்லையே," என்றார். கிரேன்காரர் ஒன்றும் சொல்லவில்லை. வார்த்தை வரவில்லையா, சொல்ல விருப்பமில்லையா என்று பக்கத்தில் நின்ற அளவுக்காரிக்கும் தெரியவில்லை. அப்போது ஸ்டோரிலிருந்து சங்கிலிக்காரர் வந்தார். கூடவே, அவர் இடத்துக்கு வந்திருந்த புதிய சங்கிலி ஆளும், அச்சு வேலை செய்கிற ஏழெட்டுப் பேரும்.

"இவரை ஏத்தறதா இருந்தா நாங்க கீழே நிக்கலை," என்றார் சங்கிலிக்காரர், அந்தச் சின்னக் குரலில். "இவர் மேல இருக்கற கோவத்துல சொல்லலை. பத்தொன்பது வருஷமா இவர் கைக்குக் கீழேதான் நின்னேன். அந்தக் கை எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் சொல்றேன்."

ஃபோர்மேன் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். "சரி, கடிதம் வரட்டும்," என்றார். அவரும் ஒரு காலத்தில் கீழே நின்றவர்தான்.

மூன்று வாரம் என்றது ஏழு வாரமானது. இடையில் ஒருநாள் குழுவில் மூன்று டாக்டர்கள் கிரேன்காரரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். நோட்டுகளை வாங்கிவைத்துக்கொண்டார்கள். சோதனை எடுக்கிற அம்மாவைப் பெரியவர் கடுமையாகப் பேசிவிட்டார் என்று நெட்டை எங்கிருந்தோ கேட்டுவந்து சொன்னாள். அளவுக்காரி ஒரு மாலை அந்த அம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"புத்தகம் அப்படியேதான் இருக்கும்மா," என்றாள் அந்த அம்மா. "ரெண்டு பத்தியும் இருக்கு. நான் எழுதிப் போட்டிருக்கேன். யாராவது பதில் போடுவாங்களான்னு தெரியலை. ஆனா பழைய ஃபைலையெல்லாம் எடுத்துப் பார்த்துக்கிட்டிருக்கேன். நிறுத்த முடியலை." மேசை மேல் ஃபைல்கள் மார்பு உயரத்துக்கு இருந்தன. "பதினேழு பேர் இதுவரைக்கும். ஒரு சுமை தூக்கறவர் இருக்கார், உங்க தெருதான்."

"தெரியும். மூணு வருஷமா வெளியே வர்றதில்லை. சோம்பேறி ஆயிட்டான்னு அவர் பெண்டாட்டியே சொல்வா."

"அவருக்கும் இயல்புன்னுதான் எழுதியிருக்கேன். நான்தான்."

இரண்டு பேரும் அந்த ஃபைலை நடுவில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை வரி வரியாகப் பார்த்தார்கள். அளவு நாடா இல்லாததால் அளவுக்காரி ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்துக்கொண்டாள்.

கிரேன்காரருக்குக் கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அளவுக்காரி வேலையிலிருந்து திரும்பும்வரை யாரும் பிரிக்கவில்லை. அவள் கை கழுவிவிட்டு வந்து பிரித்தாள். ஆறு வரி எண்கள் இல்லை. ஒரே பத்தி. 'முன்பு இருந்த உயர்ந்த திறனில் கணிசமான இழப்பு ஏற்பட்டுள்ளது. உயரத்தில் செய்யும் வேலைக்கு இவரை அனுப்பக் கூடாது. ஸ்டோரில் பணி வழங்கலாம்.'

நாத்தனார் கையைப் பிசைந்தாள். "இப்போ நான் சிரிக்கறதா அழறதா? யாராவது சொல்லுங்களேன்."

கிரேன்காரர் கையை நீட்டினார். கடிதத்தை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், விரலை ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் வைத்து நகர்த்திப் படித்தார். நேரமானது. டீ ஆறிப்போனது. ஒரு இடத்தில் விரல் நின்றுவிட்டது.

"இழப்புன்னு போட்டிருக்காங்க," என்றார்.

"ஆமாங்க."

"இல்லாததை இழக்க முடியாது, இல்ல?"

"முடியாது."

"அப்போ, இருந்துச்சுன்னு எழுத்துல குடுத்துட்டாங்க."

அளவுக்காரி அவர் தோளில் ஒட்டியிருந்த நூல் பிசிறை எடுத்தாள். அவர் விரலைத் திரும்ப முதல் வரிக்குக் கொண்டுபோய், ஒரு சொல்லையும் விடாமல், மறுபடி படிக்க ஆரம்பித்தார்.